100 எம்பிபிஎஸ் கட்டி 40 வருகிறதா? ஃபர்ம்வேரைத் தொடும் முன் இதைப் பாருங்கள்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் கம்ப்யூட்டர், நெட்வொர்க், கேமரா என்று வயர் போகிற எல்லாமே என் பொறுப்பு. சொந்த ஊர் ஊத்துக்குளிப் பக்கம். கம்பெனியில் சம்பளத்துக்குப் பார்க்கும் வேலையை ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்தக்காரர்கள் வீட்டில் சும்மா பார்க்கிறேன். கூலி ஒரு சொம்பு மோர், எப்போதாவது வீட்டு வெண்ணெய். "அம்மிணி, ரவுட்டருக்கு ஃபர்ம்வேர்னு ஒண்ணு இருக்குதாமா, அதப் போட்டா ஸ்பீடு ஏறிக்குங்கறாங்களே?" என்பதுதான் இப்போது எல்லாரும் கேட்கும் கேள்வி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் ஏறாது. ஃபர்ம்வேர் என்பது ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள். புதுசு வந்தால் போடத்தான் வேண்டும், ஆனால் அது வேறு காரணத்துக்காக. வேகம் குறைகிறது என்றால், சுவரில் வந்து இறங்கும் ஃபைபருக்கும் உங்கள் கையில் இருக்கும் போனுக்கும் நடுவே எந்த இடத்தில் குறைகிறது என்று முதலில் தெரிய வேண்டும். அது தெரியாமல் ஃபர்ம்வேரை மாற்றினால், மாற்றிய பிறகு கூடியதா குறைந்ததா என்றுகூடச் சொல்ல முடியாது.

வாங்கியது எவ்வளவு?

பில்லை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் 100 எம்பிபிஎஸ் என்று இருக்கும். பக்கத்தில் சின்ன எழுத்தில் 'வரை' என்றும் இருக்கும். எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு. கம்ப்யூட்டரில் ஏதாவது டவுன்லோடு ஆகும்போது காட்டுவது பைட் கணக்கு. 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆக 100 எம்பிபிஎஸ் முழுசாக வந்தாலும் டவுன்லோடு ஜன்னலில் விநாடிக்கு 12.5 எம்பிக்கு மேல் காட்டாது. எங்கள் மாமா ஒருத்தர், "நூறுன்னு சொல்லிப் பன்னெண்டு குடுக்கறானுங்க, பாத்தியா அம்மிணி" என்று கேபிள்காரரோடு சண்டைக்கே கிளம்பிவிட்டார். அவருக்கு வந்துகொண்டிருந்தது முழு வேகம்.

இன்னொன்று மாதாந்திர வரம்பு. 'அன்லிமிடெட்' என்று விற்கும் பல திட்டங்களில் மாதம் 3300 ஜிபி வரைதான் முழு வேகம், அதற்கு மேல் போனால் இறக்கிவிடுவார்கள். ஒரு வீட்டுக்கு 3300 ஜிபி தீராது. ஆனால் குடோனில் நாலைந்து கேமராவை இரவும் பகலும் கிளவுடில் ஏற்றிக்கொண்டிருந்தால் மாதக் கடைசியில் கணக்கைப் பார்த்துக்கொள்வது நல்லது. உங்கள் திட்டம் மலிவானதாக இருந்தால் வரம்பு இதைவிடக் குறைவாகவும் இருக்கலாம்.

அப்லோடு வேகத்தையும் சேர்த்தே பாருங்கள். கம்பெனிகளுக்கு அதுதான் வலி. ஆர்டர் கொடுக்கும் பையருக்கு டெக் பேக்கும் (ஆடையின் அளவும் விவரமும் அடங்கிய கோப்பு) சாம்பிள் போட்டோக்களும் போவது அந்தப் பக்கம்தான்.

கேபிள் போட்டு அளங்கள்

போனை வைத்துக்கொண்டு ஸ்பீட்டெஸ்ட் பார்த்து, அதை வைத்துச் சண்டை போடாதீர்கள். அது வைஃபையை அளக்கிறது, லைனை அல்ல. ஒரு லேப்டாப்பை எடுத்து, ஃபைபர் நேராக வந்து இறங்கும் பெட்டியில் லேன் கேபிளைச் செருகுங்கள். நம் ஊரில் மோடம் என்று சொல்வோமே, அந்தப் பெட்டி. லேப்டாப்பில் வைஃபையை அணைத்துவிடுங்கள். டிவி, கேமரா, பிள்ளைகளின் போன் எல்லாவற்றையும் கொஞ்ச நேரம் நெட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். பிறகு ஊக்லாவின் ஸ்பீட்டெஸ்ட்டிலும் நெட்ஃபிளிக்ஸ் நடத்தும் ஃபாஸ்ட் டாட் காமிலும் அளங்கள். இரண்டையும் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஸ்பீட்டெஸ்ட் பல நேரம் உங்கள் இணைப்பு நிறுவனத்தின் சொந்த சர்வரையே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். வீட்டு வாசல்வரை ரோடு நன்றாக இருக்கிறது என்பதை மட்டும்தான் அது சொல்லும்.

காலையில் ஒரு தடவை, இரவு எட்டு ஒன்பது மணிவாக்கில் ஒரு தடவை. தேதி, நேரம், டவுன்லோடு, அப்லோடு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வையுங்கள். இந்த நோட்டுக்குப் பின்னால் வேலை இருக்கிறது.

இப்போது வந்த எண்ணைப் பாருங்கள். 94, 95 என்று வந்தால் 100 திட்டக்காரர்களுக்கு லைனில் ஒரு குறையும் இல்லை. அதே 94 உங்களுக்கு 200 திட்டத்திலோ 300 திட்டத்திலோ வந்தால், அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இது நிறையப் பேர் வீட்டில் இருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை.

லேன் கேபிளுக்குள் எட்டு கம்பி. 100 எம்பிபிஎஸ் ஓடுவதற்கு அதில் நாலு போதும். 1000 ஓட வேண்டுமானால் எட்டும் வேண்டும். எட்டில் ஒன்றை எலி கடித்துவிட்டாலோ, முனையில் கிளிப் அடிக்கும்போது ஒன்று சரியாகப் பிடிக்கவில்லை என்றாலோ, பல நேரம் இணைப்பு அறுந்துபோகாது. இரண்டு பக்கமும் பேசிக்கொண்டு சத்தமில்லாமல் 100க்கு இறங்கிக்கொள்ளும். நெட் ஓடும், வீடியோ ஓடும், யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் 94-ஐத் தாண்டவே தாண்டாது. விண்டோஸில் நெட்வொர்க் செட்டிங்கில் ஈதர்நெட்டைத் திறந்தால் லிங்க் ஸ்பீடு காட்டும். 1000/1000 என்று இருக்க வேண்டிய இடத்தில் 100/100 இருந்தால் கேபிளை மாற்றுங்கள். கேட் 5ஈ என்று அச்சடித்த செம்புக் கம்பி கேபிளாகக் கேட்டு வாங்குங்கள். அலுமினியத்துக்கு மேலே செம்பு பூசியதும் அதே நிறத்தில், பாதி விலையில் கிடைக்கும். அது வேண்டாம்.

கேபிள் நன்றாக இருந்தும் 100 என்றே காட்டினால், லேப்டாப்பின் போர்ட்டோ ரவுட்டரின் போர்ட்டோ அவ்வளவுதான். பெட்டியில் 1200 என்று பெரிசாகப் போட்டு விற்கும் சில ரவுட்டர்களில் பின்னால் இருக்கும் போர்ட்டுகள் எல்லாமே 100தான். அந்த 1200 எப்படி வந்தது என்றால், ஒரு அலைவரிசையின் ஏட்டு வேகம் 300, இன்னொன்றின் ஏட்டு வேகம் 867, இரண்டையும் கூட்டி மேலே கொஞ்சம் ரவுண்டு பண்ணிய எண். எந்த ஒரு போனும் அதை ஒரு நாளும் பார்க்கப்போவதில்லை. இதைப் பொய் என்று சொல்ல முடியாது. நியாயம் என்றும் நான் சொல்ல மாட்டேன்.

அந்த 40 எங்கிருந்து வருகிறது?

கேபிளில் 94 வருகிறது, போனில் 40 வருகிறது. கேள்வியோடு வருகிறவர்களில் பெரும்பாலானவர்களின் கதை இதுதான். போனில் வைஃபை பெயரைத் தொட்டு விவரம் பார்த்தால், பல ஆண்ட்ராய்டு போன்களில் அங்கேயும் லிங்க் ஸ்பீடு இருக்கும். 72 என்று காட்டுகிறதா? அப்படியானால் போன் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், ஒரே ஆன்டெனாவில் பேசிக்கொண்டிருக்கிறது. ஏட்டில் 72 என்றால் கைக்கு வருவது நாற்பதுச் சொச்சம். ஃபர்ம்வேரை எத்தனை தடவை மாற்றினாலும் அந்த 72 ஏறாது. போனை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் அந்த நிமிஷமே ஏறும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால், ரவுட்டர் செட்டிங்கில் போய் 5-க்குத் தனிப் பெயர் வைத்துவிடுங்கள். எதில் இருக்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரியும்.

5 வேகமானது, ஆனால் சுவர் தாண்டாது. பழைய தொட்டிக்கட்டு வீடுகளில் சுவர் ஒன்றரை அடி, இரண்டு அடி இருக்கும். ஆசாரத்தில் ரவுட்டரை வைத்துவிட்டு உள் அறையில் 5 வரவில்லை என்றால் ரவுட்டரைக் குறை சொல்லிப் பலன் இல்லை. தறிக்குடோன்களில் தகர ஷீட் இன்னும் மோசம். அதற்கு அந்தப் பக்கம் எந்த அலையும் ஒழுங்காகப் போகாது. ரவுட்டரை டிவிக்குப் பின்னால், பீரோவுக்கு மேல், ஷோகேஸுக்குள் வைப்பதை முதலில் விடுங்கள். வீட்டுக்கு நடுவில், ஆள் உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் இருக்கட்டும். அழகாக இருக்காது, தெரியும். எங்கள் வீட்டில் அம்மா அதற்கு ஒரு துணி போர்த்திவிட்டார், சூடாகிறது என்று சொல்லித்தான் எடுக்க வைத்தேன்.

2.4-ஐ விட முடியாத இடங்களும் இருக்கின்றன. பழைய கேமராக்கள் அதில் மட்டும்தான் பேசும். திருப்பூரில் லைன் வீடுகள் இருக்கும் சந்துகளில் நின்று போனைத் திறந்தால் வைஃபை பெயர்கள் பட்டியல் முடியவே முடியாது. அங்கே சேனலை 1, 6, 11 இந்த மூன்றில் எது காலியோ அதில் வைத்து, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்துவிடுங்கள். 40 வைத்தால் வேகம் இரட்டிப்பாகும் என்று ஏட்டில் இருக்கிறது. நெரிசலில் அது பக்கத்து வீட்டோடு மோதத்தான் உதவும்.

தோட்டத்து வீடுகளில் சிக்கல் வேறு. சாளையில் ரவுட்டர், கட்டுத்தரையில் கேமரா, நடுவில் தென்னை. இதற்கு ரிப்பீட்டர் வாங்கி மாட்டாதீர்கள். அது வாங்குவதையும் கொடுப்பதையும் ஒரே அலைவரிசையில் செய்தால் வேகம் பாதியாகிவிடும். ஒரு லேன் கேபிளைக் குழாயில் விட்டு இழுத்து, அந்தப் பக்கம் இன்னொரு ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட்டாக, அதாவது வைஃபை மட்டும் கொடுக்கும் பெட்டியாக, வையுங்கள். லேன் கேபிள் 100 மீட்டர் வரை போகும், அதாவது முந்நூறு அடிக்குக் கொஞ்சம் மேல். அதற்கும் தூரம் என்றால் ஃபைபர் இழுக்க வேண்டும், அது தெரிந்தவரிடம் கேட்டுச் செய்கிற வேலை.

லைனே குறைவாக இருந்தால்

கேபிள் போட்டு அளந்தும் குறைவாக வந்தால்தான் பேச்சு கேபிள்காரரிடம் போகும். அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "ஏனுங்ணா, ஆப்டிகல் பவர் எவ்வளவு காட்டுதுங்க?" ஃபைபரில் வந்து சேரும் ஒளியின் வலிமைதான் அது. மோடத்தின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் நீங்களே பார்க்கலாம், மைனஸில் ஒரு எண் இருக்கும். வீடுகளில் வழக்கமாக வரும் ஜிபான் லைன்களில் (ஒரே ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறை) மைனஸ் 8-க்கும் மைனஸ் 27-க்கும் நடுவே இருக்க வேண்டும். மைனஸ் 20-ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. மைனஸ் 26, 27 என்று விளிம்பில் நின்றால் வேகம் மெல்லக் குறைவதைவிட, விட்டு விட்டு அறுபடும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றில் பல்லடம், உடுமலை, காங்கேயம் பக்கமெல்லாம் காற்றாலை சுற்றுகிற மாதிரியே ஈபி போஸ்ட்டில் கட்டிய ஃபைபரும் ஆடும். ஜாயின்ட் தளரும், மடங்கும், மட்டை விழும், அணில் கடிக்கும். சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளி வரவே இல்லை என்று அர்த்தம். ரவுட்டரை ரீசெட் பண்ணி ஒன்றும் ஆகாது.

பகலில் 95, இரவு ஒன்பது மணிக்கு 30 என்று நோட்டு சொன்னால் அது வேறு விஷயம். ஒரு ஜிபான் லைனில் மொத்தம் 2.5 ஜிபிபிஎஸ் கீழே வருகிறது. அதை 32 வீடுகளோ 64 வீடுகளோ பங்கு போட்டுக்கொள்கின்றன. அதற்கும் மேலே, கேபிள்காரர் வாங்கியிருக்கும் மொத்த அளவு ஒன்று இருக்கிறது. எல்லாரும் ஒரே நேரத்தில் மடையைத் திறந்தால் என்ன ஆகும் என்று பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு) பாசன வாய்க்காலின் கடைமடையில் இருக்கும் வெள்ளகோவில்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இதற்கு உங்கள் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை, புகார்தான்.

இனி ஃபர்ம்வேர்

ஃபர்ம்வேர் என்பது ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள். ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கச் சொல்வது முதலில் பூட்டுக்காக. 2017-இல் வைஃபையின் டபிள்யூபிஏ2 பூட்டிலேயே கிராக் என்ற ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. 2018-இல் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் 50-க்கும் மேற்பட்ட நாடுகளில் குறைந்தது 5 லட்சம் ரவுட்டர்களிலும் சேமிப்புக் கருவிகளிலும் புகுந்தது. அதற்கு முன்பு 2016-இல் மிராய் என்ற இன்னொரு தீநிரல், யாரும் மாற்றாமல் விட்ட கம்பெனி பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்த்தே கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் நுழைந்தது. இந்த மாதிரி ஓட்டைகளை அடைப்பது ஃபர்ம்வேரின் வேலை. அதோடு சில நேரம் வைஃபை அறுபடும் கோளாறும் தீரும், வேகமும் கூடலாம். அது உபரி.

உங்கள் ரவுட்டர் யாருடையது என்று பாருங்கள். இணைப்போடு கொடுத்த மோடமாக இருந்தால் அதன் ஃபர்ம்வேரை நிறுவனமே தூரத்திலிருந்து ஏற்றும். நீங்கள் இணையத்தில் தேடி எடுத்து ஏற்றாதீர்கள், லைனே பதிவாகாமல் போகலாம். கடையில் வாங்கிய சொந்த ரவுட்டர் என்றால் மேலே படியுங்கள்.

ரவுட்டரைத் திருப்பினால் அடியில் ஸ்டிக்கர் இருக்கும். மாடல் பெயர் மட்டும் போதாது, வெர்ஷன் எண்ணும் வேண்டும். ஒரே பெயரில் வி2, வி4, வி6 என்று உள்ளே வேறு வேறு சிப் வைத்து விற்பார்கள். வி4-க்கு உரியதை வி6-இல் ஏற்றினால், நல்ல ரவுட்டராக இருந்தால் மறுத்துவிடும். இல்லாவிட்டால் பேப்பர் வெயிட்டாகிவிடும். கோப்பைத் தயாரிப்பாளரின் இந்தியப் பக்கத்தில் இருந்து மட்டும் எடுங்கள். அங்கே கடைசி ஃபர்ம்வேரின் தேதி இருக்கும். பல வருஷமாக ஒன்றும் வரவில்லை, 'ஆதரவு முடிந்தது' என்று போட்டிருக்கிறது என்றால் ஃபர்ம்வேரை விடுங்கள், ரவுட்டரையே மாற்றும் நேரம் வந்துவிட்டது.

ஏற்றுவதற்கு முன் இரண்டு விஷயம். முதலாவது, ரவுட்டர் நெட்டில் நுழையப் பயன்படுத்தும் பிபிபிஓஈ யூசர்நேம், பாஸ்வேர்டு, அந்தப் பக்கத்தில் விலேன் என்று ஓர் எண் இருந்தால் அதுவும், காகிதத்தில் எழுதுங்கள். இது கையில் இல்லாமல் ரவுட்டர் ரீசெட் ஆகிவிட்டால் கேபிள்காரர் போன் எடுக்கும்வரை நெட் இல்லை, தீபாவளி நேரத்தில் அவர் எடுக்கவும் மாட்டார். செட்டிங் பக்கங்களை ஒவ்வொன்றாகப் படம் பிடித்துக்கொள்ளுங்கள், பேக்கப் கோப்பும் எடுங்கள். இரண்டாவது கரண்ட். ஃபர்ம்வேர் ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ரவுட்டர் எழாமலே போகலாம். பேப்பரில் வரும் மின்தடை அறிவிப்பைப் பாருங்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்றால் பெரும்பாலும் காலை 9-க்கே நிறுத்திவிடுவார்கள். யுபிஎஸ்ஸில் மாட்டிவிட்டு ஆரம்பிப்பதுதான் நான் செய்வது. காற்று மழை நாளில் யுபிஎஸ் இருந்தாலும் தொடுவதில்லை.

லேப்டாப்பை லேன் கேபிளில் இணையுங்கள், வைஃபையில் செய்யாதீர்கள். பிரவுசரில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 போட்டால் ரவுட்டரின் பக்கம் திறக்கும். ஸ்டிக்கரிலேயே முகவரி இருக்கும். இறக்கிய கோப்பு ஜிப்பாக இருந்தால் பிரித்து, உள்ளே .bin என்று முடியும் கோப்பைத்தான் கொடுக்க வேண்டும். சிஸ்டம் டூல்ஸ், ஃபர்ம்வேர் அப்கிரேடு என்கிற மாதிரி ஓர் இடத்தில் அதைத் தேர்ந்தெடுத்து அழுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். விளக்குகள் அணையும், எரியும், மறுபடி அணையும். ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆனாலும் ரீசெட்டைக் குத்தாதீர்கள், பிளக்கைப் பிடுங்காதீர்கள்.

எழுந்ததும் உடனே வேகம் பார்க்க ஓடாமல் செட்டிங்கைச் சுற்றி வாருங்கள். அட்மின் பாஸ்வேர்டு உங்களுடையதா? பூட்டு டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3-இல் இருக்கிறதா? டபிள்யூபிஎஸ்ஸும் (பாஸ்வேர்டு போடாமல் பட்டனை அழுத்திச் சேரும் வசதி) ரிமோட் மேனேஜ்மென்ட்டும் (வெளியிலிருந்து ரவுட்டர் செட்டிங்கைத் திறக்கும் வசதி) அணைந்திருக்கின்றனவா? சேனல் நீங்கள் வைத்தபடியே இருக்கிறதா, இல்லை ஆட்டோவுக்குப் போய்விட்டதா?

அப்புறம், ஃபர்ம்வேர் போட்ட பிறகு வேகம் குறைந்துவிட்டது என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது க்யூஓஎஸ் (எதற்கு முதலில் நெட் என்று பிரித்துக் கொடுப்பது), பேரன்டல் கன்ட்ரோல், டிராஃபிக் மானிட்டர் இந்த மூன்றை. இவற்றில் ஏதாவது ஓடினால் பல ரவுட்டர்களில் ஹார்டுவேர் நாட் என்னும் குறுக்குவழி அணைந்துவிடும். ஒவ்வொரு பாக்கெட்டையும் ரவுட்டரின் சின்ன பிராசசரே புரட்டிப் பார்க்க வேண்டி வரும். 300 போன இடத்தில் 150-க்குத் திணறும். அணைத்துவிட்டு அதே லேப்டாப், அதே கேபிள், அதே நேரத்தில் அளங்கள். நோட்டில் பழைய எண் இருக்கிறதல்லவா, பக்கத்திலேயே எழுதுங்கள். இன்னும் சரியாகவில்லை என்றால் ஃபேக்டரி ரீசெட் செய்து, பேக்கப் கோப்பைத் திணிக்காமல், எழுதி வைத்ததைப் பார்த்துக் கையால் போடுங்கள். பழைய ஃபர்ம்வேரின் பேக்கப் புதியதில் ஏறும்போது சில நேரம் குழப்பம் பண்ணும். அதற்கும் மசியவில்லை என்றால் பழைய ஃபர்ம்வேருக்குத் திரும்பலாம், ஆனால் சில தயாரிப்பாளர்கள் திரும்பவிட மாட்டார்கள்.

புகார்

நோட்டும் ஸ்கிரீன்ஷாட்டும் கையில் வந்துவிட்டது. கேபிள்காரரிடம் மரியாதையாகச் சொல்லிப் பாருங்கள், பாதி அங்கேயே தீரும். தீராவிட்டால் நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிந்து டாக்கெட் எண் வாங்குங்கள். எண் இல்லாத புகார் போட்ட மாதிரியே இல்லை. அவர்கள் தீர்க்காவிட்டால், டிராயின் (இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) 2012 விதிப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் மேல்முறையீட்டு அதிகாரி இருக்க வேண்டும். புகாரைத் தீர்க்க நிறுவனத்துக்கு இருக்கும் கெடு முடிந்து 30 நாளுக்குள் அவரிடம் போகலாம், அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கட்டணம் இல்லை. டிராய்க்கே நேராக எழுதினால் தனிப்பட்ட புகாரை அது விசாரிக்காது, நிறுவனத்துக்குத் தள்ளிவிடும். 2023-இல்தான் பிராட்பேண்ட் என்று சொல்வதற்கான குறைந்தபட்ச வேகத்தை மத்திய தொலைத்தொடர்புத் துறை 512 கேபிபிஎஸ்ஸிலிருந்து 2 எம்பிபிஎஸ்ஸாக உயர்த்தியது. 100-க்குப் பணம் கட்டுகிறவருக்கு அதில் என்ன ஆறுதல் இருக்கிறதோ!

புகார் மையத்தில் பேசும்போது, "கொஞ்சம் அதிகத் திட்டத்துக்கு மாறிக்கோங்க மேடம், சரியாயிடும்" என்று ஒரு யோசனை வரும். மாறுவதற்கு முன் உங்கள் லேன் கேபிளின் லிங்க் ஸ்பீடைப் பாருங்கள். அது 100/100 என்றிருந்தால், 300-க்குப் பணம் கட்டியும் 94தான் வரும்.